மருமகனுக்கு வாங்கிய பிஸ்டல்

7

படத்தைப் பார்த்ததும், காலையில் குடித்த கோப்பி பிலேந்திரனின் தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

“சாப்பிட முந்திக் காட்டியிருக்கலாமே அக்கா. ரெண்டு பணிஸ் மிச்சமாயிருக்கும்.”

“பகிடியை விட்டிட்டு வடிவாப் பாரும்,” என்றாள் உதயகுமாரி.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில், பிலேந்திரனின் டாக்சிக்குள் இருவரும் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. 2007 ஒக்டோபர் மாதத்துக் குளிர் கண்ணாடியில் ஆவியாகப் படிந்திருந்தது. உதயகுமாரி பதினாறு வருஷம் ஒஸ்லோ நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். ஆட்கள் தமிழில் சொன்ன பொய்யையெல்லாம் நோர்வேஜிய மொழியில் திருப்பிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இனி உண்மையைத் தேடலாம் என்று துப்பறிய வந்துவிட்டாள். அவளுடைய அலுவலகம், வாகனம், உதவியாளன் மூன்றும் பிலேந்திரன்தான். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவள் திரும்பவும் மொழிபெயர்ப்பாளராகிவிடுவாள், கேட்டது விளங்காத மாதிரி.

படத்தில் கிடந்தவர் சண்முகலிங்கம். ஐம்பத்தேழு வயது, ஸ்டோவ்னர் அடுக்குமாடியில் குடியிருப்பவர். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் தன் காரின் பின்பெட்டியைத் திறந்து குனிந்தபோது யாரோ பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள். குண்டு தோளைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது குண்டு வரவில்லை. பிஸ்டல் இறுகிவிட்டது. சுட்டவன் விட்டானா? அதே பிஸ்டலைத் திருப்பிப் பிடித்து மண்டையில் அடித்திருக்கிறான். ஒன்பது அடி. காது ஒரு பக்கம் தொங்கியது. விழுந்த பிறகும் உதைத்ததில் மூன்று விலா எலும்புகள் போயின. மனிதர் இன்னும் கண் திறக்கவில்லை.

“மிருகமக்கா,” என்றான் பிலேந்திரன். குரலில் பகிடி இல்லை. “ஒரு குண்டோடை செத்திருந்தாலும் பரவாயில்லை. இது என்ன அடி!”

பொலிஸார் பிடித்து வைத்திருப்பது சயூரனை. சண்முகலிங்கத்தின் மகள் கம்சிகாவைக் கட்டப்போகிறவன். நோர்வே இராணுவத்தில் சார்ஜன்ட். ஆப்கானிஸ்தானில் ஆறு மாதம் நின்றுவிட்டு வந்தவன், திரும்பவும் போகப் பெயர் கொடுத்திருந்தான். அதனால் கலியாணம் தள்ளிப்போகிறது என்று சனிக்கிழமை பின்னேரம் மாமனாருக்கும் மருமகனுக்கும் மாடிப்படியில் பெரிய சத்தம். ஞாயிறு காலை அவன்தான் இரத்தம் தோய்ந்த உடுப்போடு மாமனாரை மடியில் வைத்திருந்தான். சமாதானம் பேச வந்த இடத்தில் கண்டேன் என்கிறான். யார் நம்புவது? பிஸ்டலில் அவன் விரலடையாளம். பிஸ்டல் இருந்த இரும்பு அலுமாரிக்கு இரண்டே திறப்பு, ஒன்று சண்முகலிங்கத்திடம், மற்றது அவனிடம்.

“பின்னேரம் ரெண்டு மணிக்கு அவனைக் கோட்டிலை நிப்பாட்டுகினம். உள்ளுக்கை போனால் நாலு கிழமை,” என்றாள் உதயகுமாரி. “இராணுவத்தாலை கலைச்சுப் போடுவினம். கிழவர் செத்தால் கொலைகாரன். எங்களிட்டை நாலரை மணித்தியாலம் இருக்கு.”

“கிழவர் அந்தப் பிஸ்டலை வாங்கினதே அவனுக்குப் பரிசு குடுக்கத்தானாம். பரிசாலையே வாங்கிக் கட்டியிருக்கிறார்.”

“அதுதான் என்ரை தலைக்குள்ளை குடையுது. இந்தப் படத்தைப் பாரும்.”

அடுத்த படம் பிஸ்டல். உதயகுமாரியை அமர்த்திய சயூரனின் வழக்கறிஞருக்குப் பொலிஸார் நேற்று எடுத்துக் கொடுத்தது. உருக்கு உடம்பு முழுக்கக் கறுத்துக் காய்ந்த இரத்தம். அதன் மேல்மூடியில் மஞ்சளாக ஒரு பூச்சு. ‘மண், அடையாளம் தெரியவில்லை’ என்று கீழே எழுதியிருந்தார்கள். மஞ்சளுக்கு நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. அதை ‘இரத்தம்’ என்று எழுதியிருந்தார்கள்.

“மற்ற இரத்தமெல்லாம் ஒரு நாளிலை கறுத்துப்போச்சு. இது மட்டும் ஏன் இப்பவும் சிவப்பா இருக்கு?”

“நல்ல குடும்பத்து இரத்தமாக்கும்.”

“நீர் தேவாலயத்துக்குப் போற வேதக்காரன், உமக்குப் பிடிபடாது. இது இரத்தமில்லை பிலேந்திரன். குங்குமம். அந்த மண் சந்தனம்.”

பிலேந்திரன் படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“சுடப்போற துவக்குக்குப் பொட்டு வைச்சுக் கூட்டிக்கொண்டு போனது ஆரக்கா?”

“வண்டியை எடும். லில்லெஸ்ட்ரோமிலை அந்தக் கடைக்காரனைக் கேப்பம்.”

*

துப்பாக்கிக் கடை ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது. சுவர் நிறைய வேட்டைத் துப்பாக்கிகள், கண்ணாடி மேசைக்குள் பிஸ்டல்கள். கடைக்காரன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற வயதுக்காரன். போன வியாழக்கிழமை வந்த தமிழர்களை அவன் மறக்கவில்லை.

“மூன்று பேர்,” என்றான் தன் மொழியில். “பெரியவர் சுடுகழகத்தில் பல வருஷ உறுப்பினர். பொலிஸ் அனுமதி அவர் பெயரில் இருந்தது. பிறகு முறைப்படி எழுதிப் பெயர் மாற்றி மருமகனுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மருமகன் பையன் அமைதி. மூன்றாமவர்தான் கடை முழுக்கப் பேசினார். துப்பாக்கியைப் பற்றி எனக்கே பாடம் நடத்தினார்.”

“அது குலம் அண்ணை!” என்று பிலேந்திரன் தமிழில் மகிழ்ந்தான். “கிழவற்ரை மனுசியின்ரை தம்பி. களத்திலை நிண்ட மனுசன். அவருக்குத் தெரியாத துவக்கோ!”

உதயகுமாரி அவனைக் கையமர்த்தினாள். “எப்படித் தெரிவு செய்தார்கள்?”

கடைக்காரன் மேசையில் ஒரு துணியை விரித்து மூன்று பிஸ்டல்களை வரிசையாக வைத்தான். அவனுக்கு அது மிகவும் பிடித்த வேலை என்பது முகத்தில் தெரிந்தது.

“மூன்றாமவருக்கு இது வேண்டும். பொன் பூச்சு, பூ வேலைப்பாடு. பையன் இதைக் கேட்டான்.” ஒரு கறுத்த, அழகில்லாத பிஸ்டலைத் தொட்டான். “பாதி பிளாஸ்டிக். ஆனால் மணலில் புதைத்து எடுத்தாலும் சுடும். போர்முனையில் நின்றவன் இதைத்தான் கேட்பான். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் ஒரே மகளைக் கட்டப்போகிறவனுக்கு நான் பிளாஸ்டிக்கா கொடுப்பேன் என்றார்.”

பிலேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. “பின்னை? சனம் கேட்டால் என்ன மரியாதை!”

“கடைசியில் இது.” மூன்றாவது, சுவிஸ் நாட்டுப் பிஸ்டல். மங்கிய நீலம் பாய்ந்த உருக்கு. “ஒவ்வொரு துண்டையும் கையால் இழைத்துப் பொருத்தியது. இடைவெளியே இல்லை. ஆயிரம் தடவை சுட்டாலும் ஆயிரமும் ஒரே இடத்தில் போய் விழும். இதைவிட நம்பிக்கையான பொருள் என் கடையில் இல்லை. சுத்தமாக மட்டும் வைத்திருக்க வேண்டும்.”

“இதற்குள் கொஞ்சம் பசை மாதிரி ஏதாவது போய்க் காய்ந்தால்?”

கடைக்காரனுக்கு நெஞ்சு வலி வந்த மாதிரி இருந்தது. “ஒரு குண்டு போகும். சுட்ட குண்டின் வெற்றுக்கோது வெளியே விழாமல் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். பழகிய கை என்றால் ஒரு நொடியில் எடுத்துவிடும். அந்தப் பையன் இங்கே இதைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தவன், கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பான்.”

உதயகுமாரி பிலேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கும் சட்டென்று விளங்கியது. சுட்டவனுக்கு அந்த ஒரு நொடி வேலை தெரியவில்லை. தெரியாதபடியால்தான் ஒன்பது அடி அடித்தான்.

“அப்ப சயூரன் இல்லை!” என்று துள்ளினான். “குலம் அண்ணையும் இல்லை! துவக்கைத் தெரியாத ஒருத்தன்!”

“பொலிஸ் என்ன சொல்லும்? பதட்டத்திலை மறந்திட்டான் எண்டும். கடைக்காரன்ரை கதையை மட்டும் கொண்டுபோய்க் கோட்டிலை வைக்கேலாது.” அவள் ஜன்னலைக் காட்டினாள். “உம்மடை வண்டிக்குத் தண்டத் துண்டு எழுத ஆள் வருது. ஓடும்.”

பிலேந்திரன் ஓடினான். தரிப்பிடக்காரியிடம் இரண்டு நிமிஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நோயாளியாக நடித்தான், பலிக்கவில்லை. உதயகுமாரி கையில் ஒரு பொதியோடு வெளியே வந்தாள். முகம் கல்லாக இருந்தது.

“என்னக்கா வாங்கினனீங்கள்?”

“விளையாட்டுத் துவக்கு. ஸ்டோவ்னருக்கு விடும்.”

*

சண்முகலிங்கத்தின் வீட்டில் செருப்புகள் வாசலிலேயே குவிந்து கிடந்தன. ஆட்கள் விசாரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி ஆளும் போனபிறகு வீட்டில் மிஞ்சியது இரண்டே பேர். சண்முகலிங்கத்தின் மனைவி சிறிதேவி, அவளுடைய தம்பி குலசேகரம். மகள் கம்சிகா ஆஸ்பத்திரியில் தகப்பனின் கட்டிலடியில் இருந்தாள்.

குலசேகரம் சோபாவின் நடுவில் இருந்தார். ஐம்பதைத் தொட்ட வயது, நரைக்காத மீசை. ஒஸ்லோவில் எந்தத் தமிழ் விழா நடந்தாலும் முன்வரிசையில் அவருக்கொரு கதிரை போட்டிருப்பார்கள். இயக்கத்தில் இருந்தவர், ஐந்து பேராக ஒரு முகாமைப் பிடித்தவர், விலாவில் இன்னும் குண்டுச் சிதறல் கிடக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிலேந்திரனே அந்த முகாம் கதையை எத்தனையோ பயணிகளுக்குச் சொல்லியிருக்கிறான். அவரைக் கண்டதும் கை தன்பாட்டில் குவிந்தது.

“இருங்கோ தம்பி,” என்றார் அவர். வலக்கை குளிர்ச்சட்டைப் பைக்குள் கிடந்தது, இடக்கையால் கதிரையைக் காட்டினார். “இராணுவக்காரனை நம்பி வீட்டுக்குள்ளை விட்டால் இதுதான் நடக்கும். நான் அத்தானுக்கு அப்பவே சொன்னனான்.”

சிறிதேவி வாசல் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். உதயகுமாரி அவள் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தாள்.

“அக்கா, உங்கடை சாமியறையை ஒருக்காப் பாக்கலாமோ?”

சிறிதேவி கையை உருவிக்கொண்டு முந்தி நடந்தாள்.

சாமியறை என்பது உண்மையில் ஒரு சின்ன அறைக்குள் வைத்த பெரிய அலுமாரி. நவராத்திரிக்காக அதன் முன்னால் பலகை போட்டு, சரஸ்வதி படம் வைத்து, குத்துவிளக்கு வைத்து, பட்டுத்துணியை விரித்திருந்தார்கள். துணியின் கீழ் பூசைக்கு வைத்த பொருட்கள். விஜயதசமி ஞாயிறு காலை எடுக்கவேண்டியவை, எடுக்க யாருக்கு மனம் வரும்? அப்படியே கிடந்தன. பொலிஸார் வீடு முழுக்கத் தேடியபோதும் சாமிக்குக் கிட்டப் போகவில்லை, மரியாதை என்று நினைத்தார்களாம். உதயகுமாரி பட்டைத் தூக்கினாள்.

கம்சிகாவின் சட்டப் புத்தகங்கள். மடிக்கணினி. சிறிதேவியின் தையல் கத்தரிக்கோல். சண்முகலிங்கத்தின் பேனை. ஓரத்தில் ஒரு கைத் துளைகருவி, சுவரில் ஓட்டை போடுகிற பற்றரிக் கருவி.

“எல்லாத்தையும் பாரும் பிலேந்திரன். என்ன வித்தியாசம்?”

பிலேந்திரன் குனிந்து பார்த்தான். புத்தகத்தில் சந்தனப் பொட்டு. கணினியில் பொட்டு. கத்தரிக்கோலில் பொட்டு. பேனையிலும் ஒரு குட்டிப் பொட்டு.

“துளைகருவிக்கு மட்டும் பொட்டு இல்லை,” என்றான். பிறகுதான் அதன் வடிவம் கண்ணில் பட்டது. பிடி, விரல் வைக்கிற இடம், நீட்டிய மூக்கு. பட்டுத்துணிக்குக் கீழே வைத்தால் அது வேறொன்றாகத்தான் தெரியும். “ஐயோ மாதாவே!”

“சிறிதேவி அக்கா,” உதயகுமாரி மெல்லக் கேட்டாள், “பிஸ்டலை இஞ்சை வைச்சனீங்கள், என்ன?”

சிறிதேவி நிலத்தில் இருந்துவிட்டாள்.

“கலியாணப் பரிசு. சாமிக்கு வைக்காமல் எப்பிடிக் குடுக்கிறது?” வார்த்தைகள் மூச்சோடு மூச்சாக வந்தன. “சனிக்கிழமை அவர் குளிக்கேக்கை திறப்பை எடுத்து, பெட்டியோடை கொண்டுவந்து வைச்சனான். மூண்டு குறி இழுத்துப் பொட்டும் வைச்சனான். பெட்டிக்குள்ளை குண்டும் இருந்தது. ஒவ்வொண்டுக்கும் பொட்டு வைச்சனான், பிள்ளையை அது காப்பாத்த வேணும் எண்டு. வைச்சதை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. அவரிட்டைச் சொன்னால் ஏசுவார் எண்டு சொல்லேல்லை.”

உலகத்திலேயே நம்பிக்கையான பிஸ்டலை இறுக்கியது இந்த மனுசியின் பக்தி. அந்தச் சந்தனம் மட்டும் இல்லாவிட்டால் ஒன்பது அடிக்குப் பதில் ஒன்பது குண்டு போயிருக்கும்.

“பூசைக்கு எத்தினை பேர் வந்தவை?”

“பத்தொன்பது பேர்.”

“சயூரன்?”

“உள்ளுக்கை வரேல்லை. படியிலையே சண்டை பிடிச்சுக்கொண்டு போட்டான்.”

அறை வாசலில் குலசேகரம் நின்றார். எப்போது எழும்பி வந்தாரோ தெரியாது.

“அதுக்கென்ன?” என்றார். “அவனிட்டை இரும்பு அலுமாரித் திறப்பு இருக்கு.”

“அலுமாரியைத் திறந்திருந்தால் அங்கை ஒண்டும் இருந்திராது அண்ணை,” என்றாள் உதயகுமாரி. “துளைகருவியை வைச்சிட்டுப் போனவனுக்குப் பிஸ்டல் பட்டுக்குக் கீழை கிடக்குது எண்டு தெரியும். பத்தொன்பது பேரிலை ஒராள். துவக்குப் பழக்கமே இல்லாத ஒராள், இறுகினதை எடுக்கத் தெரியாமல் அடிச்சவன். இதைக் கோட்டுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு அனுபவசாலி வேணும். உங்களை விட்டால் ஒஸ்லோவிலை ஆர் இருக்கினம்?”

குலசேகரத்தின் நெஞ்சு அரை அங்குலம் உயர்ந்தது. “கேளும், சொல்லுறன்.”

கூடத்துக்கு வந்தார்கள். உதயகுமாரி பொதியைப் பிரித்தாள். உண்மைப் பிஸ்டல் மாதிரியே பாரம், மேல்மூடி அசையும், பிளாஸ்டிக் மணியைத் தவிர வேறெதையும் சுடாது. மூடிக்கிடையில் ஒரு வெற்றுக்கோதைச் செருகி இறுக்கியிருந்தாள்.

“இப்பிடித்தான் இறுகியிருந்தது. பயிற்சி உள்ள ஆள் எப்பிடி எடுப்பார் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ. பிலேந்திரன் கைபேசியிலை படம் எடுப்பார்.”

பிலேந்திரன் உற்சாகமாகக் கைபேசியை நீட்டினான். முகாமைப் பிடித்த கை, நேரில் பார்க்கிற பாக்கியம்!

குலசேகரம் இடக்கையால் வாங்கினார். திருப்பினார். எதையோ அழுத்தினார், கீழிருந்து குண்டுக்கூடு கழன்று காலில் விழுந்தது. மூடியை மேலே தூக்கப் பார்த்தார். அது தூக்குகிற மூடி இல்லை, இழுக்கிற மூடி. பிலேந்திரனுக்கே அது தெரிந்தது, அவனும் இப்போதுதான் கடையில் பார்த்தவன். கைபேசி தானாகத் தாழ்ந்தது.

“இந்த மொடல் எங்கடை காலத்திலை இல்லை,” என்றார் குலசேகரம்.

“வலக்கையாலை செய்து பாருங்கோ அண்ணை.”

“கை நோகுது. பூசணிக்காய் வெட்டேக்கை பட்டுப்போச்சு.”

“வியாழக்கிழமையோ, ஞாயிற்றுக்கிழமையோ?”

உதயகுமாரியின் குரல் உயரவே இல்லை. நீதிமன்றத்தில் மற்றவர் வாக்குமூலத்தை வாசிக்கிற குரல் அது.

“கடைக்காரன் எனக்குத் தனியச் சொன்னவன். பிஸ்டலை உங்கடை கையிலை தந்திருக்கிறான். மூடியை இழுத்து விட்டனீங்கள், பெருவிரலைப் பின்னாலை வைச்சுக்கொண்டு. விரலிடுக்கு கிழிஞ்சு கண்ணாடி மேசையிலை இரத்தம் ஊத்தினது. முதல் தரம் துவக்குத் தொடுற ஆளுக்குத்தான் அது நடக்குமாம். பிளாஸ்டர் ஒட்டினதும் அவன்தான். சண்முகலிங்கம் அண்ணை கண்ணிலை தண்ணி வரச் சிரிச்சாராம். ஞாயிற்றுக்கிழமை அதே கை, அதே பிடி. சுட்ட கணம் அதே இடம் திரும்பக் கிழிஞ்சிருக்கும். கையைக் காட்டுங்கோ.”

குலசேகரம் கையைக் காட்டினார். ஆனால் காட்டிய விதம் வேறு.

பைக்குள்ளிருந்து வந்த வலக்கை பிலேந்திரனின் சட்டையைப் பிடித்தது. இடக்கையிலிருந்த பிஸ்டல் அவன் மூக்கில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. இரண்டாவது அடி புருவத்தில். கூடத்துக் கண்ணாடி மேசை மேல் மல்லாக்க விழுந்தான், மேசை பொடியாகி முதுகில் ஏறியது. வாய்க்குள் உப்பும் பல்லும் கலந்து வந்தன. அந்தக் கிழவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பயம் பிடித்துக்கொண்டது, உண்மையான பயம்.

“சிரிச்சவரடி!” குலசேகரம் கத்தினார். உதயகுமாரியின் கழுத்துத் துணியை முறுக்கிச் சுவரோடு சாத்தியிருந்தார். கிழிந்த விரலிடுக்கிலிருந்து புது இரத்தம் அவள் தாடையில் வடிந்தது. “வெள்ளைக்காரனுக்கு முன்னாலை சிரிச்சவர்! கலியாண மேடையிலை மைக்கிலை சொல்லுறன் எண்டவர்! இருவது வருசமா என்னைக் கண்டால் எழும்பி நிக்கிற சனத்துக்கு முன்னாலை! நான் பிறகு எந்த முகத்தோடை ரோட்டிலை நடக்கிறது?”

உதயகுமாரியின் முகம் நீலமாகிக்கொண்டு வந்தது. பிலேந்திரன் எழும்ப முயன்றான், கால் வழங்கவில்லை. எட்டியது குலசேகரத்தின் கணுக்கால்தான். ஆண்டவனே மன்னியும் என்று நினைத்து, மிஞ்சியிருந்த பல்லால் ஒரே கடியாகக் கடித்தான். குலசேகரம் அலறி மற்றக் காலால் அவன் முகத்தில் உதைத்தார். பிலேந்திரன் விடவில்லை.

அப்போது பித்தளை எலும்பில் மோதுகிற சத்தம் கேட்டது.

சிறிதேவி. கையில் குத்துவிளக்கு, எண்ணெய் அவள் கையெல்லாம் வழிந்தது. முதல் அடியில் தம்பியின் முழங்கை மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. இரண்டாவது அடி முழங்காலில். அவர் விழுந்தார். உதயகுமாரி சுவரோரம் சரிந்து இருமினாள்.

“அக்கா! நான் உன்ரை தம்பி!”

“தெரியும். அதுதான் மூண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தனான்.” சிறிதேவி விளக்கைக் கீழே வைக்கவில்லை. “சனிக்கிழமை தனியக் கும்பிட வேணும் எண்டு கதவைச் சாத்தினது நீ ஒருத்தன்தான். ஞாயிறு பட்டைத் தூக்கின உடனை எனக்கு விளங்கிட்டுது.”

“அவர் என்னைப் பொய்யன் எண்டு...”

“நீ பொய்யன்தானேயடா!” அவள் குரல் அந்த அடுக்குமாடி முழுக்கக் கேட்டிருக்கும். “எந்த முகாமையடா பிடிச்சனீ? வெங்காய மூட்டைக்கு நடுவிலை ஒளிச்சு உன்னை லொறியிலை ஏத்திவிட்டது ஆர்? நான்! வவுனியா வரைக்கும் அழுதுகொண்டு போனனீ எண்டு லொறிக்காரன் வந்து என்னட்டைச் சொன்னவன். உயிரோடை இருக்கிறானே, அது காணும் எண்டு சந்தோசப்பட்டனான். பயந்ததிலை என்னடா வெக்கம்? இருவது வருசம் உன்ரை பொய்யை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கட்டின புருசனுக்கும் சொல்லேல்லை. அதுக்கோ அந்த மனுசன்ரை மண்டையை உடைச்சனீ?”

குலசேகரம் நிலத்தில் கிடந்தபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிலேந்திரன் வாயிலிருந்த துணித்துண்டைத் துப்பினான். “அக்கா,” என்றான் மூக்கடைத்த குரலில், “முகாம் பிடிச்ச கதையை நான் இனி ஆருக்குச் சொல்லுறது?”

உதயகுமாரிக்குக் குரலே வரவில்லை. சைகையால் கைபேசியைக் கேட்டாள். சிறிதேவி முந்திக்கொண்டாள். தானே பொலிசுக்கு அடித்தாள். உடைந்த நோர்வேஜிய மொழியில் முகவரியைச் சொன்னாள், ஆளின் பெயரைச் சொன்னாள். யார் அவர் என்று கேட்டிருப்பார்கள். என் தம்பி என்று இரண்டு தரம் சொன்னாள்.

*

நீதிமன்றத்தில் உதயகுமாரி எச்சரித்தாள். “அக்கா, பிஸ்டலை அலுமாரியாலை எடுத்தது நீங்கள் எண்டு சொன்னால் உங்கள்மேலையும் வழக்கு வரும். அண்ணையின்ரை அனுமதியையும் பறிப்பினம்.”

“வரட்டும்,” என்றாள் சிறிதேவி. எண்ணெய் பட்ட சேலையை மாற்றக்கூட அவள் நேரம் எடுக்கவில்லை.

நாற்பது நிமிஷம் சொன்னாள். பூசை, பட்டு, பொட்டு, துளைகருவி, தம்பி. தொண்டையில் துணி முறுக்கிய தடத்தோடு உதயகுமாரி கரகரத்த குரலில் வழக்கறிஞருக்கு ஒவ்வொன்றாக விளக்கினாள். குலசேகரத்தின் கையைப் பொலிஸ் வைத்தியர் பார்த்த அறிக்கை மூன்றரைக்கு வந்தது. பொலிஸ் தரப்பு எழும்பி, விளக்கமறியல் கோரிக்கையைக் கைவிடுகிறோம் என்றது.

சயூரன் நடைவாசலுக்கு வந்தான். உயர்ந்த, மெலிந்த பையன். மூன்று நாள் தாடி, பொலிஸார் கொடுத்த சாம்பல் நிற மேற்சட்டை. பிலேந்திரன் மூக்கில் பஞ்சோடு வாங்கில் இருந்தபடி அவனைப் பார்த்தான். இவனைப் பற்றித்தான் நானும் இரண்டு நாள் டாக்சியில் கண்டபடி கதைத்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

சிறிதேவி அவன் முன்னால் போய் நின்றாள். நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

“மாமி,” என்றான் சயூரன். “ஆரெண்டு உங்களுக்கு முதலே தெரியுமா?”

“ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.”

“நான் உள்ளுக்கை இருக்கேக்கை?”

“ஓம்.”

அவன் முகம் சிவந்தது. கைகள் இறுகின. ஏதாவது சொல்லப்போகிறான், சொன்னாலும் தப்பில்லை என்று பிலேந்திரன் நினைத்தான். சிறிதேவியும் அதற்காகத்தான் நின்றாள், அடி வாங்க வந்த பிள்ளை மாதிரி. சயூரன் திரும்பிக் கதவு வரைக்கும் நடந்தான். கைப்பிடியில் கையை வைத்தான்.

“நான் மாமாவைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போறன்,” என்றான், திரும்பாமலே. “வாங்கோ மாமி. தனியப் போகேக்கை எனக்கும் பயமா இருக்கு.”

சிறிதேவி அந்த நடைவாசலில் நின்றபடியே வாய்விட்டு அழுதாள்.